பள்ளிக்கு முன்னே தொடங்கும் பாடம்

(ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர், கரக்பூர்)

சமூக அறிவியல் என்றதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது எது? அசோகர் சாலையோரம் மரம் நட்டார் என்ற வரி. முதலாம் பானிபட் போர் 1526 என்ற ஆண்டு. வரைபடத் தாளில் கோதாவரியை நீலப் பென்சிலால் இழுத்தது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு உருப்போட்டு, மறுநாள் எழுதி, அதற்கு அடுத்த நாள் மறந்துபோன பாடம். இதை மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டும் என்று யாராவது சொன்னால், "அதுக்கு இன்னும் மூக்குச் சிந்தவே தெரியலை, அதுக்குள்ளே சரித்திரமும் பூகோளமுமா?" என்று கேட்கத்தான் தோன்றும்.

ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். மனிதர்கள் எப்படிக் கூடி வாழ்கிறார்கள், யார் நம்மவர், யார் அயலார், எந்த வேலை உயர்வு, எது தாழ்வு, நம் மொழி எது, அடுத்த வீட்டார் மொழி எது என்பதெல்லாம்தானே சமூகப் பாடம்? இதில் பெரும்பகுதியைக் குழந்தை பள்ளி வாசலை மிதிக்கும் முன்பே படித்து முடித்துவிடுகிறது. ஆசிரியர் நாம்தான். பாடநூல், நம் வீட்டுக் கூடத்துப் பேச்சு.

நான் கல்வியாளன் அல்லன். சிவில் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, இருப்புப் பாதைப் பிரிவிலேயே காலம் கழித்தவன். இரண்டு பிள்ளைகளையும், இப்போது ஐந்து வயதுப் பேத்தி ஒருத்தியையும் தமிழ்நாட்டுக்கு வெளியே வளர்த்துப் பார்த்தவன் என்பது ஒன்றே இதை எழுத எனக்குள்ள தகுதி.

ஊஞ்சலடியில் கேட்ட சொல்

பல ஆண்டுகளுக்கு முன் நான் குடியிருந்த ஒரு ரயில்வே காலனியில் நடந்தது இது. காலனிப் பூங்காவில் ஒரே ஓர் ஊஞ்சல். நம் தமிழ்க் குடும்பத்துக் குழந்தை ஒன்று, ஐந்து வயது இருக்கும், ஆடி முடித்து இறங்கியது. அடுத்து ஏறக் காத்திருந்த சிறுமியிடம், "நீ இதுல உட்காரக் கூடாது, உங்க அப்பா சாக்கடை சுத்தம் பண்றவர்" என்று சுத்தமான இந்தியில் சொன்னது. அந்தச் சிறுமி பதில் பேசவில்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பிப் போனாள். அதன்பின் அவளை அந்தப் பூங்காவில் நான் பார்க்கவில்லை.

தாயார் பக்கத்தில்தான் இருந்தார். முகம் வெளுத்துவிட்டது. "நாங்க இப்படியெல்லாம் சொல்லித்தரவே இல்லையே, சார்" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. யாரும் வாயால் சொல்லித்தரவில்லை. ஆனால் அந்த வீட்டுக் கொல்லைச் சுவரின் மேல் தனியாக ஒரு தம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். சுத்தம் செய்ய வருகிறவருக்குத் தண்ணீர் கொடுக்க. குழந்தை அதைத் தினமும் பார்த்தது. பார்த்ததைக் கணக்காகக் கூட்டி, விடையை ஊஞ்சலடியில் சொன்னது. அவ்வளவுதான்.

குழந்தைக்கு நாம் சமூகப் பாடம் நடத்துவதா வேண்டாமா என்பது கேள்வியே இல்லை. பாடம் நடந்துகொண்டே இருக்கிறது. நல்ல பாடமா, கெட்ட பாடமா என்பதுதான் கேள்வி.

பெரியவர்கள் சொன்னது

இது புதிய கருத்தும் அல்ல. குஜராத்தின் பாவ்நகரில் வக்கீல் தொழிலை விட்டுவிட்டுக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்த கிஜுபாய் பதேகா, 1920-லேயே அங்கே பாலமந்திரைத் தொடங்கினார். மிரட்டலும் பிரம்பும் இல்லாமல் கதை, விளையாட்டு, வெளியே சுற்றிப் பார்த்தல் ஆகியவற்றால் கற்பித்தார். 'மீசை வைத்த தாய்' என்றே அவரை அன்போடு அழைத்தார்கள். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், அங்கன்வாடி வழியாக, பள்ளிக்கு முந்தைய கல்வியை ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கொண்டுபோனது.

2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, 3 வயது முதல் 8 வயது வரை உள்ள ஐந்து ஆண்டுகளை ஒரே அடிப்படைக் கட்டமாக வைத்தது. மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று அந்த ஆவணம் சொல்கிறது. 2022 அக்டோபரில் அந்த வயதுக்கான பாடத்திட்ட வரைவும் வந்தது. தாய்மொழி, விளையாட்டு, கதை, பொம்மை, உள்ளூர்ச் சூழல் இவற்றுக்கே அதில் முதலிடம். இந்த வயதில் சமூக அறிவியலுக்கெனத் தனிப் பாடநூல் கிடையாது. மூன்றாம் வகுப்பில்தான் அறிவியலும் சமூகமும் சேர்ந்த சுற்றுப்புறப் பாடம் தொடங்குகிறது. அதனால் அதுவரை சும்மா இருக்கலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. பாடநூல் இல்லாத அந்தக் காலம் முழுவதும் நம் கையில் இருக்கிறது.

புதிய லைன் போடும்போது, ஏற்கெனவே இருக்கும் ஸ்டேஷனிலிருந்துதான் தண்டவாளத்தை நீட்டிக்கொண்டு போவோம். குழந்தைக்கும் அப்படியே. அதற்குத் தெரிந்த ஸ்டேஷன் அதன் வீடு. அங்கிருந்து தெரு, தெருவிலிருந்து ஊர், ஊரிலிருந்து நாடு.

தீப்பெட்டியில் பூகோளம்

ஐந்து வயதுக் குழந்தையிடம் வீட்டை வரையச் சொன்னால், முன்பக்கத்தை வரையும். கதவு, இரண்டு ஜன்னல், கூரை. மேலிருந்து பார்க்கும் பிளான் அதற்குப் பிடிபடாது. வரைபடம் படிப்பதற்கு அடிப்படையே இந்த மேல்பார்வைதான். பெரிய வகுப்பில் பல பிள்ளைகள் பூகோளத்தில் தடுமாறுவது இங்கேதான்.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒரு தாளின் மேல் தீப்பெட்டியை வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். பெட்டியை எடுத்துவிட்டால் ஒரு செவ்வகம் நிற்கும். "பெட்டி எங்கே இருந்தது?" என்று கேட்டால் குழந்தை காட்டும். பிளான் என்பது இவ்வளவுதான்! பிறகு நான்கைந்து பெட்டிகளை நம் வீடு, பால் பூத், பள்ளி, பிள்ளையார் கோவில் என்று பெயர் சொல்லி வைத்து வரையலாம். அடுத்த வாரம் மொட்டை மாடியில் சாக்பீஸால் தெருவையே போடலாம். காலையில் சூரியன் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தைக் கிழக்கு என்று எழுதி வைத்தால் திசையும் வந்துவிட்டது. செலவு ஒரு சாக்பீஸ்.

கயிற்றில் சரித்திரம்

'நூறு வருஷத்துக்கு முன்' என்றால் குழந்தைக்கு ஒன்றும் புரியாது. அதற்கு நேற்றும் போன தீபாவளியும் ஒரே தூரம். காலத்தைக் கண்ணால் பார்க்கும்படி செய்ய வேண்டும்.

ஒரு நீளக் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு, ஒரு முடிச்சுக்கு ஒரு வருஷம். என் பேத்திக்கு ஐந்து முடிச்சு. அவள் அம்மாவுக்கு முப்பத்திமூன்று. தாத்தாவுக்கு அறுபத்தாறு, அது கூடத்தைத் தாண்டி வராந்தாவுக்குப் போய்விட்டது. "தாத்தா, நீ இவ்வளவு நீளமா?" என்றாள். அந்தக் கயிற்றில் துணி கிளிப் கொண்டு பழைய புகைப்படங்களை மாட்டினோம். பதினாறாவது முடிச்சருகே ஒரு நீராவி எஞ்சின் படம். அகலப் பாதையில் நீராவி எஞ்சின்களின் காலம் 1995 கடைசியில் முடிந்தது; அந்த இடத்தில் ஒரு சிவப்பு நாடா. இன்னொரு முடிச்சில் அவள் பாட்டி கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இறங்கிய நாள், பித்தளைத் தூக்கோடு. குழந்தைக்கு இதுவே முதல் சரித்திரப் புத்தகம். அதில் அவளும் ஒரு முடிச்சு என்பதால் ஆர்வம் குறைவதே இல்லை.

யார் யார் நமக்காக?

மழலையர் பள்ளிகளில் 'நமக்கு உதவுபவர்கள்' என்று ஒரு படம் மாட்டியிருப்பார்கள். டாக்டர், போலீஸ்காரர், தபால்காரர், ஆசிரியை. நல்ல படம்தான். ஆனால் அதில் பெரும்பாலும் சீருடைக்காரர்களே இருக்கிறார்கள்.

நான் பேத்திக்குச் சொல்லும் படம் வேறு. ரயிலில் நீ தூங்குகிறாயே, அப்போது யார் விழித்திருக்கிறார்? கீமேன் என்று ஒருவர். தினமும் தண்டவாளத்தின் மேலேயே நடப்பார். தோளில் சுத்தியல், ஸ்பானர், சிவப்புக் கொடி. தளர்ந்த சாவியை இறுக்குவார், விரிசல் இருந்தால் கண்டுபிடித்து ரயிலை நிறுத்துவார். குளிர்காலப் பனிமூட்டத்தில் சிக்னல் தெரியாதபோது, தண்டவாளத்தின் மேல் பட்டாசு போன்ற டெட்டனேட்டரை வைத்து, அது வெடிக்கும் சத்தத்தால் டிரைவரை எச்சரிக்கிறவர் ஒருவர். அவர்கள் இல்லாவிட்டால் நாம் பாட்டி ஊர் போய்ச் சேர மாட்டோம்.

அதேபோல நம் வீட்டுக்கு வரும் குப்பை வண்டிக்காரர், பாத்திரம் தேய்க்கும் அம்மாள், ரிக்ஷாக்காரர். இவர்கள் பெயர் குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெறும் பெயராக அல்ல. அண்ணா, அக்கா, காக்கா, மாசி என்று உறவோடு சேர்த்து. (வங்காளியில் காக்கா என்றால் சித்தப்பா, சிரிக்க வேண்டாம்!) அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும் நம் தம்ளரிலேயே இருக்கட்டும். ஆயிரம் நீதிக்கதைகள் செய்யாததை அந்த ஒரு தம்ளர் செய்துவிடும்.

பண்டிகைகளை ஒப்பிட்டுக் காட்டுங்கள்

வெளியூரில் வாழும் நமக்கு உள்ளூர்த் தமிழருக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு. இரண்டு கலாசாரங்கள் ஒரே வாசலில் நிற்கின்றன.

நம் வீட்டில் பொங்கல் பொங்கும் அதே நாட்களில், வங்காளி வீட்டில் பௌஷ சங்கராந்தி. அரிசி மாவு, தேங்காய், புது ஈச்ச வெல்லம் சேர்த்துப் 'பிட்டே' செய்கிறார்கள். பஞ்சாபில் லோரி நெருப்பு, அஸ்ஸாமில் போகாலி பிஹு, குஜராத்தில் பட்டம். "எல்லார் வீட்டிலும் ஒரே சமயத்தில் ஏன் அரிசியும் வெல்லமும்?" என்று குழந்தையையே கேட்கச் செய்யுங்கள். அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்திருக்கிறது. சூரியன் வடக்கே திரும்புகிறது. பூகோளமும் பொருளாதாரமும் ஒரு பானைக்குள் வந்துவிடுகின்றன.

சரஸ்வதி பூஜையைப் பாருங்கள். நமக்கு நவராத்திரியில், மறுநாள் விஜயதசமியன்று குழந்தைக்கு அட்சராப்பியாசம். வங்காளத்தில் சரஸ்வதி பூஜை தை, மாசி வாக்கில் வசந்த பஞ்சமியன்று. அன்றுதான் அவர்கள் குழந்தைக்கு 'ஹாதேகோரி', அதாவது கையில் சாக்கட்டி கொடுத்து முதலெழுத்து எழுதவைக்கும் சடங்கு. நாள் வேறு, எழுத்து வேறு. குழந்தையின் விரலைப் பெரியவர் விரல் பிடித்து நடத்துவது ஒன்றே.

ஆயுத பூஜைக்கும் இங்கே ஒரு ஜோடி உண்டு. வங்காளத் தொழிற்சாலைகளிலும் ரயில்வே ஒர்க்‌ஷாப்களிலும் பெரும்பாலும் செப்டம்பர் 17 அன்று வரும் விசுவகர்மா பூஜை. லேத்துக்கும் கிரேனுக்கும் மாலை போட்டிருக்கும். "அப்பா வேலை செய்யும் மிஷின் இதுவா!" என்று வாய் பிளந்து நிற்கும் பிள்ளைகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உழைப்புக்கும் கருவிக்கும் மரியாதை செய்வதில் நாம் எல்லோரும் ஒரே ஜாதி என்று அன்று குழந்தைக்குச் சொல்லுங்கள்.

கொலுப்படியில் ஓர் ஊர்

நம் கொலுவைவிடச் சிறந்த சமூகப் பாடச் சாதனம் எந்த நாட்டில் இருக்கிறது? கீழே பார்க் கட்டும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். செட்டியாரும் அவர் கடையும் இருக்கட்டும். கூடவே அந்தந்த ஊர்ப் பொம்மைகளும் வரட்டும். வங்காளத்தில் கிருஷ்ணநகர் மண் பொம்மைகள், உழவர், நெசவாளர், பாட்டுக்காரர் என்று உழைக்கும் மனிதரை அச்சு அசலாகக் காட்டுபவை. பாங்குராவின் சுடுமண் குதிரை, ஆந்திரத்தின் கொண்டபல்லி மரப் பொம்மை, கர்நாடகத்தின் சென்னபட்ணா, நம் பண்ருட்டி. நான்கு மாநிலம் ஒரு படியில்! எந்த மண்ணில் எது கிடைக்கிறதோ, அதில் அந்த ஊர்க்காரர் பொம்மை செய்கிறார் என்பதைக் குழந்தை தொட்டே தெரிந்துகொள்ளும்.

கொலுவுக்குப் பக்கத்து வீட்டு வங்காளி, ஒடியா, முஸ்லிம், கிறிஸ்தவக் குழந்தைகளையும் அழையுங்கள். சுண்டல் பங்கிடும் பொறுப்பை நம் குழந்தைக்குக் கொடுங்கள்.

ஜன்னலோர வகுப்பு

விடுமுறைக்கு ஊர் போகும் ரயில் பயணம் நமக்குக் கிடைத்த நடமாடும் பள்ளிக்கூடம். ஹௌராவிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 1,660 கிலோ மீட்டர்; நான்கு மாநிலங்கள், நான்கு எழுத்துகள். 1977-ல் தொடங்கிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ் (2022 முதல் இது ஷாலிமாரிலிருந்து புறப்படுகிறது) ஒரு நாளுக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தைக் கைபேசியில் பொம்மைப் படம் காட்டித் தீர்த்துவிட வேண்டாம்.

ஸ்டேஷன் பெயர்ப் பலகையே ஒரு பாடநூல். மஞ்சளில் கறுப்பு எழுத்து. உள்ளூர் மொழி, இந்தி, ஆங்கிலம். இச்சாபுரத்தில் தெலுங்கு தொடங்கும். ஆரம்பாக்கத்தில் தமிழ் தொடங்கும். படிக்கத் தெரியாத குழந்தைக்கும் எழுத்தின் வடிவம் மாறுவது தெரியும். "எழுத்து மாறிடுச்சு தாத்தா" என்று அதுவே சொல்லும். பலகையின் ஓரத்தில் கடல் மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரமும் எழுதியிருக்கும்.

பொரி விற்பவர் வரும்போது விலை கேட்பதோடு பெயரும் கேளுங்கள். வங்காளத்தில் 'முரி'; ஒடிசாவில் 'முடி' (இதைக் கேட்டு என் பேத்தி தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள்); ஆந்திரத்தில் 'மரமராலு'; நமக்குப் பொரி. பொருள் ஒன்று, பெயர் நான்கு. ஒரு பெயர்தான் சரி, மற்றவை தப்பு என்று எந்தக் குழந்தையும் சொல்லாது.

சுவர்ணரேகை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என்று ஆறுகள் வரும்போது எழுப்பிக் காட்டுங்கள். ராஜமுந்திரியில் கோதாவரி மேல் ஏறக்குறைய 2.7 கிலோ மீட்டர் பாலம். 1900-ல் திறந்த பழைய ஹேவ்லாக் பாலம் 1997 வரை ரயில்களைச் சுமந்து ஓய்வு பெற்றதையும் சொல்லலாம். ஒடிசாவைப் பகலில் கடக்கும் ரயிலாகப் பார்த்து ஏறினால் சிலிகா ஏரியும் ஜன்னலுக்கு வரும்.

நாம் ஏன் இங்கே இருக்கிறோம்?

வெளியூர்த் தமிழ்க் குழந்தை ஒருநாள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. இரண்டு சமயங்களில் கேட்கும். பள்ளியில் யாராவது 'மதராசி' என்று கேலி செய்து, டிபன் பாக்ஸில் இருந்த இட்லியைத் தின்னாமல் திருப்பிக் கொண்டுவரும் நாளில் ஒருமுறை. ஊரில் பாட்டி பேசுவது புரியாமல் விழித்து, "இதுக்குத் தமிழே வரலையே" என்று உறவினர் சிரிக்கும் நாளில் ஒருமுறை.

அந்த நாளில் நாம் சொல்லும் பதில் முக்கியம். "இந்த ஊர்க்காரங்களே இப்படித்தான்" என்று ஆறுதல் சொன்னால், ஊஞ்சலடியில் கேட்ட சொல்லுக்கு இன்னொரு விதை போடுகிறோம். உள்ளதைச் சொல்லுங்கள். தாத்தாவுக்கு இங்கே வேலை கிடைத்தது, வந்தோம். இந்த ஊர் நமக்குச் சோறு போட்டது. இதேபோல வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் எத்தனையோ பேர் சென்னையில் கட்டடம் கட்டவும் திருப்பூரில் பனியன் தைக்கவும் போயிருக்கிறார்கள். நம் அடுத்த வீட்டு வங்காளித் தாத்தா வைத்தியத்துக்கு வேலூர் போய் வந்தவர். அங்கே அவர்கள் வீட்டுக் குழந்தையை யாராவது 'வடக்கன்' என்று கேலி செய்தால், அதற்கும் இதேபோலத்தான் வலிக்கும். இதைப் புரிந்துகொண்ட குழந்தை தன் இட்லியையும் நிமிர்ந்து உட்கார்ந்து தின்னும், அடுத்தவர் டப்பாவையும் முகம் சுளிக்காமல் பார்க்கும்.

தாம் வசிக்கும் ஊரையும் அது பெருமையாகச் சொல்ல வேண்டும். எங்கள் கரக்பூர் நடைமேடை 1,072 மீட்டர். 2013-ல் கோரக்பூர் முந்தும்வரை உலகிலேயே நீளமானது என்று என் பேத்தி யார் வந்தாலும் சொல்வாள். (இப்போது முதலிடம் ஹுப்ளிக்கு, 2023-ல் வந்த அது 1,507 மீட்டர்.) சொல்வது தமிழில்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் ஆண்டு விழாக்களில் குழந்தைகள் பட்டுப் பாவாடை கட்டிக் குறள் ஒப்பிப்பது கண்ணுக்கு அழகு. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வருஷத்தில் ஒருநாள் மேடையேறி இறங்குவதோடு கலாசாரம் முடிந்துவிடக் கூடாது. பொருள் தெரியாமல் சொன்ன குறள் மாலையோடு கழன்றுவிடும்.

ஞாயிறு தமிழ் வகுப்பில் அ, ஆ எழுதியபின் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். மாதம் ஒருமுறை சிறு பிள்ளைகளைத் தபால் நிலையம், சந்தை, ரயில் நிலையம், குயவர் தெரு என்று அழைத்துப் போங்கள். நம் பாட்டிமார் கதை சொல்லட்டும். அடுத்த மாதம் உள்ளூர்ப் பாட்டி ஒருவர் தம் மொழியில் கதை சொல்லட்டும். நம் பிள்ளைகளுக்கு அந்த மொழி தெரியும். பெரியவர்களுக்கு அவர்களே மொழிபெயர்த்துச் சொல்வார்கள். மொழிகள் கலந்துபோகிறதே என்று ஐந்து வயதில் திருத்திக்கொண்டே இருக்க வேண்டாம். வீட்டில் நாம் விடாமல் தமிழ் பேசினால் போதும். கலப்பு தானே பிரியும்.

ரயில்வேயில் பாயிண்ட் என்று ஒன்று உண்டு. தண்டவாளம் பிரியும் இடத்தில் ஒரு நாக்கு சில அங்குலம் நகர்ந்தால் போதும், முழு ரயிலும் வேறு ஊருக்குப் போய்விடும். மூன்று முதல் எட்டு வயது வரை அந்தப் பாயிண்ட் நம் கையில் இருக்கிறது. இந்த வாரமே ஒரு தீப்பெட்டியும் ஒரு முழக் கயிறும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கொல்லைச் சுவரில் தனித் தம்ளர் இருந்தால், அதை முதலில் உள்ளே எடுத்து வையுங்கள்.